கெமிஸ்ட்ரி படிக்கப் போனவளிடம் கேட்ட கேள்விகள்

நான் பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரியில் சேரப் போகிறேன் என்று தெரிந்ததும் போடியில் என்னிடம் வந்த முதல் கேள்வி, "மருந்துக் கடை வைக்கப் போறியாக்கும்?" என்பது. இங்கிலீஷ் மருந்துக் கடைப் பலகைகளில் கெமிஸ்ட் என்று எழுதியிருப்பார்கள். அதைப் பார்த்துவிட்டுக் கேட்ட கேள்வி. அடுத்தது இன்னும் விசேஷம். அப்பாவின் ஏலக்காய் மண்டியை ஒட்டிப் புளியும் வற்றலும் மொத்த வியாபாரம் செய்தவர் ஒருநாள் என்னை ஓரமாகக் கூப்பிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்.

"ஏத்தா, ரசாயனம்னா ரசவாதந்தானே? செம்பைப் பொன்னாக்குறது காலேஜுல சொல்லித் தர்றாங்களா?"

"சொல்லித் தந்தா எங்க வாத்தியாருக ஏன் மாமா சைக்கிள்ல வர்றாக?" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. பெண்பிள்ளைக்கு வாய் நீளம் என்று அன்று சாயங்காலத்துக்குள் கடைத்தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். நீளம்தான். அதைக் குறைத்துக்கொள்ளும்படி பிற்பாடு எத்தனையோ பேர் சொன்னார்கள். குறைக்கவில்லை.

ஐம்பதுகளின் நடுப்பகுதி அது. யுத்தத்தின்போது தண்டவாளத்தைப் பெயர்த்துக்கொண்டு போனதால் நின்றுபோயிருந்த போடி ரயில், மறுபடியும் மதுரைக்கு ஓடத் தொடங்கியிருந்தது. அந்த ரயிலில்தான் நான் இண்டர்மீடியட் படிக்கப் போனேன். பெண்கள் கல்லூரி, பெண்கள் விடுதி. அம்மாவுக்கு அதுவரைக்கும் சம்மதம். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே எனக்குக் கெமிஸ்ட்ரி பைத்தியம் பிடித்துவிட்டது. எங்கள் சயின்ஸ் டீச்சர் ஒருநாள் இரண்டு கண்ணாடிக் குழாய்களில் தண்ணீர் மாதிரி ஏதோ வைத்துக்கொண்டு, ஒன்றை மற்றதில் ஊற்றினார். இரண்டு தண்ணீரும் சேர்ந்து பாலாகத் திரண்டன. வகுப்பே "ஆ" என்றது. நான் மட்டும் எழுந்து நின்று, "டீச்சர், நான் ஊத்திப் பாக்கட்டா?" என்று கேட்டேன். பள்ளிக்கூடத்தில் இருந்ததே அந்த ஒரு குப்பிதான், வருஷம் முழுக்க வரவேண்டும் என்று உட்காரச் சொல்லிவிட்டார்.

இண்டர்மீடியட் முடித்தபோது அந்தப் பெண்கள் கல்லூரியில் பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி கிடையாது. ஆண்கள் படித்த ஒரு கல்லூரியில் பெண்களையும் சேர்த்துக்கொண்டார்கள். அங்கேதான் போகவேண்டும். அம்மா ஒரே கேள்வியைத் திருப்பித் திருப்பிக் கேட்டாள்.

"தமிழ் படி, கணக்குப் படி, நான் வேணாங்கல. இந்தப் படிப்புத்தான் வேணுங்கிறியே, அது உன்னைய என்னத்தப் பண்ணும்?"

"போய்ப் பாத்தாத்தான் தெரியும்" என்று சொன்னேன். அப்பா தராசுத் தட்டைத் துடைத்துக்கொண்டே, "போகட்டும்" என்றார். அவர் பேசுவது அவ்வளவுதான்.

அந்தக் கல்லூரியில் எங்கள் வகுப்பில் நாங்கள் இரண்டே பெண்கள். மற்றவள் மதுரைக்காரி. வெள்ளிக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிறவள், பயந்தவள், என்னைவிடக் கெட்டிக்காரி. முதல் நாள் லேபுக்குள் போனதும் பேராசிரியர் எங்களை ஒரு மேஜைக்குப் பக்கத்தில் நிறுத்தினார். அங்கே ஏற்கனவே ஒரு பையன் கோடு போட்ட கண்ணாடிக் குழாயான ப்யூரெட்டைக் கழுவிக்கொண்டிருந்தான்.

"பெண்கள் பக்கத்தில் நின்று கவனித்தால் போதும். ரீடிங்கை இவர் சொல்வார். எழுதிக்கொள்ளுங்கள்" என்றார் பேராசிரியர்.

இண்டர்மீடியட்டில் இரண்டு வருஷம் என் கையாலேயே ப்யூரெட் பிடித்தவள் நான். இங்கே என்னடாவென்றால் கல்யாண வீட்டில் சமையலை வேடிக்கை பார்க்கிற விருந்தாளி மாதிரி நிற்க வேண்டியிருந்தது. அந்தப் பையன் கெட்டவன் இல்லை. மரியாதையாகத்தான், "கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்பான். அவனுக்குப் பொறுமைதான் கிடையாது. பெர்மாங்கனேட்டைச் சொட்டுச் சொட்டாக விட்டு, கீழே குடுவையில் வெளிறிய ரோஜா நிறம் வந்ததும் நிறுத்தவேண்டும். அவன் குழாயைத் திறந்துவிட்டுப் பக்கத்து மேஜைக்காரனோடு பேசிக்கொண்டிருப்பான். திரும்பிப் பார்க்கும்போது குடுவை கத்தரிக்காய் நிறத்தில் இருக்கும். மனதில் தோன்றிய ஒரு எண்ணை எழுதிக்கொண்டு எங்களுக்கும் சொல்வான். நாங்கள் இரண்டு பேரும் அதை எழுதிக்கொள்ள வேண்டும்.

சில வாரம் எழுதினேன். ஒருநாள் முடியவில்லை. அவன் செய்த தப்பை என் கையெழுத்தில் எதற்கு எழுதவேண்டும் என்று தோன்றிவிட்டது. பேனாவை மூடி வைத்துவிட்டு நேரே பேராசிரியர் மேஜைக்குப் போனேன்.

"சார், பல்கலைக்கழகப் பரீட்சைக்கு வெளியூரிலிருந்து எக்ஸாமினர் வருவாரே, அன்னைக்கும் இவர் வந்து எனக்காகப் பிப்பெட்டை உறிஞ்சித் தருவாரா?"

லேப் முழுக்கச் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"உனக்கு எந்த ஊர்?"

"போடிநாயக்கனூர் சார்."

"அங்கே பெண்கள் இப்படித்தான் பேசுவார்களா?"

"கேள்வி இருந்தா கேப்பாங்க சார்."

திரும்பி வந்து நின்றதும் மதுரைக்காரி என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். "நம்ம ரெண்டு பேரையும் வெளிய அனுப்பிடுவாங்கடி" என்றாள். அனுப்பவில்லை. அடுத்த வாரம் எங்களுக்கென்று தனி மேஜை ஒன்று கிடைத்தது. அது மூலையில் கிடந்த மேஜை. கேஸ் குழாய் வேலை செய்யாது. தொட்டியில் தண்ணீர் வடியாது. பர்னருக்குப் பதில் ஒரு ஸ்பிரிட் விளக்கைக் கொடுத்தார்கள். மற்றவர்கள் நிமிஷத்தில் கொதிக்கவைத்ததை நாங்கள் உட்கார்ந்து உட்கார்ந்து கொதிக்கவைத்தோம். எல்லோரும் போன பிறகும் நாங்கள் இருப்போம். அட்டெண்டர் சாவிக்கொத்தைக் குலுக்கிக்கொண்டு வாசலில் நிற்பார். ஆனாலும் எங்கள் ரோஜா நிறம் எங்கள் குடுவையில் வந்தது. முதல் தடவை அது வந்து நின்றபோது மதுரைக்காரி குடுவையை ஜன்னலுக்கு நேரே பிடித்துக்கொண்டு கீழே வைக்க மாட்டேன் என்றாள்.

அந்த மூலைமேஜையில்தான் என் சேலைகள் ஓட்டையாயின. கந்தக அமிலக் குப்பியின் மூடியைத் திறக்கும்போது விளிம்பில் ஒரு சொட்டு நின்றிருக்கும், கண்ணுக்குத் தெரியாது. நூல் சேலையில் பட்டால் அப்போதும் ஒன்றும் தெரியாது. துவைத்துப் பிழியும்போதுதான் பட்ட இடமெல்லாம் பொத்தல் பொத்தலாக உதிரும். ஒருநாள் பேராசிரியர் என் முந்தானையைப் பார்த்துவிட்டு, "பார்த்தாயா, இதற்காகத்தான் வேண்டாமென்றேன்" என்றார்.

"பையன்க வேட்டியிலயும் இருக்கு சார்" என்றேன்.

அவர் அந்த வரிசையில் நின்றவர்களின் வேட்டிகளைத் திரும்பிப் பார்த்தார். பிறகு அடுத்த மேஜைக்குப் போய்விட்டார்.

கோடை விடுமுறைக்கு ஊருக்கு வந்தேன். என் பெட்டியைத் திறந்து துணிகளை எடுத்த அம்மா, ஒரு சேலையை வெளிச்சத்தில் விரித்துப் பிடித்தாள்.

"எலி கடிச்சதா?"

"ஆசிட்டு."

"மேல பட்டுச்சா?"

"லேசா."

என் கையைப் பிடித்து இழுத்துப் புரட்டிப் பார்த்தாள். மணிக்கட்டுக்கு மேல் ஒரு கறுத்த தழும்பு இருந்தது. கையை விட்டுவிட்டுச் சமையலறைக்குப் போய்விட்டாள். பிற்பாடு பார்த்தால், அந்தச் சேலையை அவளே மடித்து வைத்திருந்தாள்.

அந்த விடுமுறையில்தான் நான் படித்த பெண்கள் பள்ளிக்கூடத்தின் தலைமையாசிரியை எங்கள் வீட்டுக்கு வந்தார். இறுதி வகுப்புப் பெண்களுக்குக் கோடையிலும் காலை வகுப்பு நடத்திக்கொண்டிருந்தார். வந்து அவர்களிடம் கல்லூரிப் படிப்பைப் பற்றி நாலு வார்த்தை பேசும்படி என்னைக் கேட்டார். நான் உடனே சரி என்றேன். அவர் கொஞ்சம் தயங்கினார்.

"பேசு. ஆனா முடிக்கும்போது பொண்ணுங்களுக்கு ஹோம் சயின்ஸ்தான் பொருத்தம்னு ஒரு வார்த்தை சொல்லிடு."

"நான் ஹோம் சயின்ஸ் படிக்கலையே டீச்சர்."

"உனக்குப் புரியாது. ரெண்டு அப்பன்மார் வந்து சர்டிபிகேட்டை வாங்கிட்டுப் போனா, அந்த வகுப்பையே மூடிடுவாங்க. நான் எவ்வளவு பாடுபட்டு அதை நடத்துறேன் தெரியுமா?"

அவர் சொன்னது பொய்யில்லை. வீடு வீடாகப் போய்க் கெஞ்சி, வயதுக்கு வந்த பெண்களைப் பள்ளிக்கூடத்தில் இருத்திவைத்தவர் அவர். எனக்கு அவர்மேல் மரியாதை உண்டு. ஆனாலும் எனக்குத் தெரியாத ஒன்றைத் தெரிந்த மாதிரி எப்படிச் சொல்வது? "நான் படிச்சதை மட்டும் சொல்றேன் டீச்சர்" என்றேன். அதைச் சம்மதம் என்று அவர் எடுத்துக்கொண்டார்.

பேசப் போகிற அன்று ஓட்டை விழுந்த சேலைகளில் ஒன்றை உடுத்திக்கொண்டேன். அம்மா வாசலை மறித்தாள்.

"பட்டு இருக்கு, உடுத்திட்டுப் போ. நமக்கு வக்கில்லைன்னு ஊரு பேசுறதுக்கா?"

"இது லேபுச் சேலைம்மா. புள்ளைக பாக்கட்டும்."

"என்னத்தப் பாக்கட்டும்? பொத்தலையா?"

"ஆமா. பொத்தலைத்தான்."

வகுப்பில் பெஞ்சுகள் நிறையப் பெண்கள் இருந்தார்கள். பேச்சு ஒன்றும் தயார் செய்துகொண்டு போகவில்லை. முந்தானையை விரித்துக் காட்டி, இது எப்படி ஆனது என்று சொன்னேன். எங்களை முதலில் தொடவிடாமல் நிற்க வைத்ததைச் சொன்னேன், மூலைமேஜையைச் சொன்னேன். பிறகு, "என்ன வேணா கேளுங்க. தெரிஞ்சாச் சொல்றேன், தெரியாட்டி தெரியாதுங்கிறேன்" என்றேன். முன் பெஞ்சில் ஒருத்தி வாயைத் திறந்தாள். அப்புறம் நிறுத்த முடியவில்லை.

"அக்கா, எனக்குக் கணக்கு வராது. கெமிஸ்ட்ரி படிக்கலாமா?"

"பத்துப் பேரு குழம்புக்குப் போடற உப்பை வச்சு நூறு பேரு குழம்புக்கு எவ்வளவுன்னு சொல்லத் தெரியுமா?"

"தெரியும்."

"அப்ப பாதிக் கணக்கு வருது. மீதிப் பாதி கஷ்டந்தான். எனக்கும் கஷ்டந்தான். உக்காந்து போட்டுப் பாக்கணும், வேற வழி கெடையாது."

"அங்க எல்லாம் இங்கிலீஷுலயா நடத்துவாக? புரியுமா?"

"மொதல்ல பாதி புரியல. புரிஞ்ச மாதிரித் தலையாட்டுற பசங்களுக்கும் புரியலைன்னு அப்புறமாத்தான் தெரிஞ்சுது."

சிரித்தார்கள். சிரித்ததும் தைரியம் வந்துவிட்டது. டாக்டருக்குப் படிக்க இடம் கிடைக்காதவர்கள்தான் கெமிஸ்ட்ரி எடுப்பார்களாமே என்று ஒருத்தி கேட்டாள். அப்படி வந்தவர்கள் என் வகுப்பில் உண்டு, நான் அப்படி வரவில்லை, எனக்கு இதுதான் வேண்டியிருந்தது என்றேன். அழுகின முட்டை நாற்றம் அடிக்குமாமே என்றாள் இன்னொருத்தி. அடிக்கும், தலைமுடியெல்லாம் ஏறும், எண்ணெய் தேய்த்துக் குளித்தாலும் லேசில் போகாது, விடுதியில் பக்கத்துக் கட்டில்காரி மூக்கைப் பிடித்துக்கொள்வாள் என்றேன். படித்துவிட்டு என்ன வேலைக்குப் போவது என்று கேட்டபோதுதான் சற்று யோசித்தேன்.

"பொண்ணுங்களுக்குக் குடுக்குறது டீச்சர் வேலை. குடுக்காதது நெறைய இருக்கு. சக்கரை ஆலை, சோப்பு ஆலை, மருந்து பண்ற எடம். போய்க் கேட்டாத்தான் இல்லைன்னாவது சொல்லுவாங்க. யாருமே போய்க் கேக்காட்டி, இல்லைன்னு சொல்ற சிரமங்கூட அவங்களுக்கு இல்ல."

பின் பெஞ்சில் ஒரே குசுகுசுப்பு. ஒருத்தி இன்னொருத்தியைத் தள்ளிவிட்டாள். தள்ளப்பட்டவள் எழுந்து தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டாள்.

"அக்கா, வீட்டுக்குத் தூரமா இருக்கிற நாள்ல லேபுக்குள்ள விடுவாகளா? தொட்டா மருந்தெல்லாம் கெட்டுப் போயிரும்னு எங்க அத்தை சொல்றாக."

கதவோரம் நின்ற தலைமையாசிரியை மணியடிக்கச் சொல்லிப் பியூனுக்குக் கை காட்டுவது தெரிந்தது. மணி அடிப்பதற்குள் சொல்லிவிடவேண்டும் என்று குரலை உயர்த்தினேன்.

"எனக்கும் மாசாமாசம் வருது. நான் தொட்டு ஒரு குப்பிகூட இன்னும் கெடல. யாரும் கேக்க மாட்டாங்க, நீயும் சொல்ல வேணாம். அதுக்காக ஒரு நாள் லேபை விட்டேன்னா நஷ்டம் உனக்குத்தான்."

மணி அடித்தது. ஆனாலும் ஒரு பெண் எழுந்து நின்றுகொண்டே இருந்தாள். ஒல்லியாக, கறுப்பாக, இரட்டைச் சடை போட்டவள். மலையில் ஏலத்தோட்டக் கங்காணி ஒருவரின் மகள், போடியில் அத்தை வீட்டில் தங்கிப் படிக்கிறாள் என்று பிற்பாடு தெரிந்தது. அவள் கேட்டாள்:

"எனக்கும் தொட விடலைன்னா என்ன செய்யணும்?"

"விடுற வரைக்கும் கேக்கணும்."

தலைமையாசிரியை வெளியே என்னோடு கொஞ்ச தூரம் நடந்து வந்தார். கேட்டைத் தாண்டும்போது, "இனிமே உன்னைக் கூப்பிட மாட்டேன்" என்றார். அதேபோல் கூப்பிடவே இல்லை.

நாலைந்து நாள் கழித்து அந்தக் கங்காணி எங்கள் மண்டிக்கே வந்துவிட்டார். போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் அவருக்கு வேலை. காக்கிச் சட்டை, தோளில் கம்பளி, பேச்சில் அங்கங்கே மலையாளம். அப்பாவை அவருக்கு முன்பே தெரியும். நானும் அன்று கடையில் இருந்தேன்.

"அண்ணே, உங்க மகளாலதான் எங்க வீட்டுல ரெண்டு நாளாச் சோறு எறங்கல" என்றார். "எம் புள்ள காலேஜுக்குப் போறேன்னு பட்டினி கெடக்கா."

அப்பா அவரை மூட்டைமேல் உட்காரச் சொல்லிவிட்டு என்னைக் காட்டினார். "நீ பேசுனதுக்கு நீயே சொல்லு" என்றார்.

கங்காணி என் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். "நான் கேக்குறேன், நேராச் சொல்லு தாயி. அங்க கண்ணுல அந்தத் தண்ணி தெறிச்சா?"

"கண்ணு போகலாம்."

அவர் இதை எதிர்பார்க்கவில்லை. போகாது என்று நான் சத்தியம் செய்வேன், தாம் மறுக்கலாம் என்று வந்திருப்பார்.

"பின்னே, போகலாம்னு சொல்லிட்டே படிக்கச் சொல்றியே?"

"உங்க தோட்டத்துல பாம்பு இல்லையா? மழையில வழுக்கி விழுந்து யாரும் காலை ஒடிச்சுக்கலையா? கீழ பாத்து நடக்கச் சொல்லித்தானே வேலைக்குக் கூட்டிட்டுப் போறீங்க. அங்கயும் அப்படித்தான், பாத்துச் செய்யச் சொல்லித் தருவாங்க."

"ஆம்பளப் புள்ளைகளோட நிக்கணுமாமே?"

"பக்கத்து மேஜையில நிப்பாங்க. அவங்கவங்க குடுவையைப் பாக்கவே அவங்கவங்களுக்கு நேரம் பத்தாது."

"பெயிலாயிட்டா?"

"மறுபடி எழுதணும்."

"மதி, மதி, போதும்" என்று கையைத் தூக்கினார். "இம்புட்டையும் எங்கிட்டச் சொல்லி என்ன பிரயோசனம்? அவ ஆத்தாகிட்ட வந்து சொல்லு. அவதான் பிடிவாதமா நிக்கிறா."

வயதுப் பெண்ணைத் தனியாக மலைக்கு அனுப்ப முடியாது. அம்மா கூட வருகிறேன் என்றாள். அவள் அப்படிச் சொன்னது எனக்கு ஆச்சரியம். கெமிஸ்ட்ரியின் பெயரைச் சொன்னாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறவள், மறுநாள் விடிந்ததும் எனக்கு முன்னால் கிளம்பித் தயாராக நின்றாள். கங்காணியும் அவர் மகளும் எங்களோடு தோட்டத்து ஜீப்பில் ஏறினார்கள். அடிவாரத்து முந்தல் தாண்டி ஏற்றம் தொடங்கியதும் அம்மாவுக்குக் குமட்டல். வளைவுக்கு வளைவு தலையை வெளியே நீட்டிக்கொண்டு வந்தாள். "கெமிஸ்ட்ரின்னா இதுவும் சேத்தியாடி?" என்று நடுவில் ஒருதரம் கேட்டாள். அந்தப் பெண் வாய்விட்டுச் சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

மேலே சாரல் பிடித்திருந்தது. ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோர்க் கட்டடத்தில்தான் எங்களை உட்கார வைத்தார்கள். உள்ளே அடுப்பின் சூடு. ஈரத் துணி உடம்பிலேயே உலர்ந்தது. அந்தப் பெண்ணின் ஆத்தா காய் ஆய்ந்துகொண்டிருந்தாள். எழுந்திருக்கவில்லை. கையை நிறுத்தாமலே என்னிடம் பேசினாள். கண்ணையோ ஆண்பிள்ளைகளையோ கல்யாணத்தையோ பற்றி அவள் ஒன்றும் கேட்கவில்லை.

"அந்த ரூமுல விஷம் இருக்குமாமே. நெசமா?"

"இருக்கு."

"பொம்பளைப் புள்ளைக கையில அதைக் குடுக்குறாங்களா?"

"குடுக்குறாங்க. நம்பித்தான் குடுக்குறாங்க."

அவள் கை நின்றது. அவளுடைய தங்கை கல்யாணமான புதிதில் மருந்தைக் குடித்துச் செத்துப்போனாளாம். ஊரில் யாருக்கும் காரணம் தெரியாதாம். "எனக்குத் தெரியும்" என்றாள். "அவளுக்கு வீட்டுல மனசு விட்டுப் பேச ஆள் இல்ல. என் புள்ளை தூரதேசத்துல, தனியா, விஷத்துக்கு நடுவுல... நான் அனுப்ப மாட்டேன்."

எந்தக் கேள்விக்கும் பதில் சொல்கிற நான் என் அம்மாவைப் பார்த்தேன். அந்தப் பெண்தான் பேசினாள். ஆத்தாவுக்கு எதிரில் தரையில் உட்கார்ந்து, காய்களைத் தானும் ஆய்ந்துகொண்டே பேசினாள்.

"ஆத்தா, விஷத்துக்கு மதுரைக்கா போகணும்? செடிக்குத் தூவுற மருந்து இந்த ஸ்டோர் மூலையிலதான மூட்டையாக் கெடக்கு. நான் பொறந்ததுலேர்ந்து அதுக்குப் பக்கத்துலதான் இருக்கேன். சின்னாத்தா படிச்சா செத்துச்சு? பேச ஆளில்லாமச் செத்துச்சுங்கிறியே, எனக்குப் பேச ஆள் இருக்கு. இந்தா, இந்த அக்கா இருக்காக. என்னைய இங்கேயே வச்சுக்கிட்டாத்தான் நான் ஊமையாப் போயிருவேன்."

வெளியே தகரத்தில் சாரல் விழுந்தது. அப்போது எங்கள் அம்மா, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, என்னைக் காட்டிச் சொன்னாள்:

"இவளுக்குச் சேலைதான் ஓட்டையாச்சு. மத்தபடி திங்கிறா, தூங்குறா, எல்லாரையும் எதுத்துப் பேசுறா. உசுரோடதான் இருக்கா. இவ அங்கதான இருப்பா, உங்க புள்ளையையும் பாத்துக்குவா."

அன்று ஆத்தா சரி என்று சொல்லவில்லை. வேண்டாம் என்றும் மறுபடி சொல்லவில்லை. எங்களுக்குப் பால் விடாத கட்டங்காப்பி போட்டுக் கொடுத்தாள். ஜீப் வரை வந்து, என் அம்மாவின் கையில் ஒரு பொட்டலம் ஏலக்காயைக் கொடுத்தாள். மண்டி வைத்திருக்கிற வீட்டுக்கு ஏலக்காய்! அம்மா அதை வாங்கிப் பத்திரமாக மடியில் வைத்துக்கொண்டாள்.

பள்ளி இறுதிப் பரீட்சை எழுதிவிட்டு, அடுத்த ஜூனில் அந்தப் பெண் என்னோடு ரயிலேறினாள். இண்டர்மீடியட்டில் பௌதிகத்தில் ஒருமுறை தோற்றாள். மலைக்குத் திரும்பிப் போகாமல் மதுரையிலேயே இருந்து, மறுபடி எழுதித் தேறினாள். பிறகு பி.எஸ்ஸி.க்கு அவளும் அதே கல்லூரிக்கு வந்தபோது நான் முடித்துக் கிளம்பியிருந்தேன். மூலைமேஜைக்குப் பெண்கள் பெருகிப்போய், இரண்டு மேஜை தரவேண்டியதாயிற்று என்றும், கேஸ் குழாயை ஆள் விட்டுச் சரிபண்ணினார்கள் என்றும் அவள் சொல்லித்தான் தெரியும். படித்து முடித்து ஒரு நூற்பாலையின் சாயப் பகுதியில் சேர்ந்தாள். ரசாயனச் சோதனைக்கு அங்கே சேர்ந்த முதல் பெண் அவள்தான்.

நான் இரண்டாம் வகுப்பில் தேறினேன். ஒரு சோப்பு ஆலைக்கும் ஒரு சர்க்கரை ஆலைக்கும் நேரில் போய் வேலை கேட்டேன். ஒருவர் இராத்திரி ஷிப்டுக்குப் பெண்கள் ஆகாது என்றார். இன்னொருவர் அப்பா கூட வந்திருக்கிறாரா என்று கேட்டார். "படிச்சது நான். அவரைக் கூப்பிட்டா ஏலக்காய்தான் நிறுத்துக் குடுப்பாரு" என்று சொல்லிவிட்டு வந்தேன். கடைசியில் ஒரு பெண்கள் கல்லூரியில், லேபில் சோதனை செய்து காட்டும் டெமான்ஸ்ட்ரேட்டர் வேலை கிடைத்தது. ரிட்டயர் ஆகிறவரை லேபில்தான் நின்றேன். எந்தப் பெண்ணிடமும் பக்கத்தில் நின்று கவனித்தால் போதும் என்று சொன்னதில்லை.

பள்ளிக்கூடத்தில் என்னைக் கூப்பிடுவது நின்றுபோனதால், விடுமுறைக்கு நான் வந்திருக்கிறேன் என்று தெரிந்தால் பெண்கள் மண்டிக்கே வந்துவிடுவார்கள். சில சமயம் அவர்களின் அம்மாக்களும் வருவார்கள். விடுதியில் சோறு எப்படி, எந்தக் குரூப் எடுத்தால் என்ன படிக்கலாம், கைக்கு ரப்பர் உறை தருவார்களா, ஒரு வருஷம் வீணாய்ப் போனால் மறுபடி சேர்த்துக்கொள்வார்களா என்று மூட்டைகளுக்கு நடுவில் நின்றுகொண்டு கேட்பார்கள். ஒருநாள் வடக்கேயிருந்து சரக்கெடுக்க வந்த பெரிய வியாபாரி ஒருவர் முகத்தைச் சுளித்தார்.

"என்னங்க இது, கடையா, பள்ளிக்கூடமா? பொம்பளைப் புள்ளைக கூட்டத்துக்கு நடுவுல எப்படி வியாபாரம் பேசறது?"

அப்பா சாம்பிள் காயை அவர் உள்ளங்கையில் கொட்டினார்.

"நீங்க வெலையைக் கேளுங்க. அதுக கேக்க வந்ததை அதுக கேக்கட்டும்."

வியாபாரி காயை முகர்ந்து பார்த்துவிட்டு விலை கேட்டார். நான் சேலை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, எதிரில் நின்ற பெண்ணிடம், "ம், நீ கேளு" என்றேன்.